பத்திரத்தில் நான் எடுக்கச் சொன்ன வார்த்தை

சிதம்பரம் புறவழிச்சாலையில் எனக்கு ஒரு ஹாலோ பிளாக் கம்பெனி இருக்கிறது. வேலிக்கு நடுகிற சிமெண்ட் போஸ்ட்டும் வார்க்கிறோம். அங்கே தகரக் கொட்டகைக்குக் கீழே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பேன். கல் வாங்க வருகிறவர்களைவிடச் சண்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவற்றில் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள். பாகப்பிரிவினை, பொதுச்சுவர், பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் என்று என்னென்னவோ வந்திருக்கிறது. எல்லாவற்றையும் முடித்து அனுப்பியிருக்கிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். அப்புறம் சொந்தமாக ஒரு டயர் வண்டி, அப்புறம் ஒரு பழைய லாரி, அப்புறம் இந்தக் கம்பெனி. யாரும் தூக்கிவிடவில்லை, நானேதான் ஏறினேன். படித்தவர்கள் வருஷக்கணக்கில் நடத்தும் வழக்கை ஒரு டீ ஆறுகிற நேரத்தில் நான் தீர்த்திருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரு தடவை ஒரு முருங்கை மரத்துக்காக அண்ணனும் தம்பியும் வக்கீல் நோட்டீஸ் வரை போய்விட்டு என்னிடம் வந்தார்கள். மரம் யார் எல்லையில் நிற்கிறது என்று இரண்டு பேரும் சர்வேயர் படத்தை நீட்டினார்கள். நான் அதைத் தொடவே இல்லை.

“காய் யாரு பறிக்கறது?”

“அண்ணி,” என்றான் தம்பி.

“கம்பளிப்பூச்சி யாரு வூட்டுக்கு வருது?”

“எங்க வூட்டுக்குத்தான். புள்ளைங்கல்லாம் சொறிஞ்சிகிட்டு நிக்குதுங்க.”

“அப்ப காய்ல பாதி உனக்கு. பூச்சிய எரிக்கற வேலை அண்ணனுக்கு. எந்திரிங்க.”

அவ்வளவுதான். மரம் இன்னும் நிற்கிறது. அண்ணன் வருஷா வருஷம் பந்தம் கொளுத்திக்கொண்டு வருகிறான்.

அப்படிப்பட்ட என் பேருக்கே ஒரு தை மாதத்தில் தபாலில் நோட்டீஸ் வந்தது. என் மேல் ஒருவர் மனு கொடுத்திருக்கிறார், வழக்காகப் போவதற்கு முன் பேசித் தீர்த்துக்கொள்ள இன்ன தேதியில் சிதம்பரம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சமரச மையத்துக்கு வரவும் என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிக்கொண்டு வந்தபோது என் பேருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை குத்தியது.

“பாருடி, என்னை எதிரின்னு போட்டுகிறாங்க,” என்று என் மனைவியிடம் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். “எதிர்மனுதாரர்னு இருக்கு. இன்னும் எதிரி ஆவல. நீங்க இதே மாதிரி இருந்தா ஆயிடுவீங்க.”

மனு கொடுத்தவர் என் மச்சான். சொந்தத்தில் மச்சான் இல்லை, பழக்கத்தில். குமராட்சிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ரோட்டு ஓரத்தில் என் நிலம், அதற்குப் பின்னால் அவருடையது, அதற்கும் பின்னால் வடிகால் வாய்க்கால். அவருடைய நிலத்துக்குப் போக என் நிலத்தின் ஓரத்தை விட்டால் வேறு வழி கிடையாது. ஒரே பெரிய மிராசுதாரர்தான் இரண்டு பேருக்கும் விற்றார். மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் நின்று சம்பாதித்து வந்து பின்பக்கத்தை மச்சான் முதலில் வாங்கினார். அடுத்த வருஷம் முன்பக்கத்தை நான் வாங்கினேன். அது நடந்து முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. என்னைவிட இரண்டு வயது பெரியவர் அவர். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும்.

ஒவ்வொரு தை மாதமும் அவர் தன் டிவிஎஸ் வண்டியில் வந்து என் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார்.

“மச்சான், அறுப்பு வெச்சுக்கலாம்னு இருக்கேன். வழி வுடறீங்களா?”

“என்னா மச்சான் இதுக்குப் போயி கேட்டுகிட்டு! உங்க வழின்னு நெனைச்சிக்கிட்டு போங்க.”

தெருவில் நாலு பேர் இருந்தால் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வேன். கொடுக்கிறவன் சத்தமாகக் கொடுத்தால்தான் வாங்குகிறவனுக்கும் தைரியம் என்பது அப்போது என் எண்ணம்.

கதிர் அரிவாளால் அறுத்துக் கட்டு கட்டித் தலையில் தூக்கி வந்த காலத்தில் வரப்பு போதும். மாட்டு வண்டிக்கு எட்டடி போதும். இப்போது வருகிற அறுவடை மிஷினுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். எங்கள் பக்கம் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல் அறுத்து முடிகிறபோது உளுந்து முளைத்திருக்கும். அந்த வருஷம் என் நெல்லை நான் முன்னாடியே அறுத்துவிட்டேன். உளுந்து இரண்டு இலை விட்டு நின்றது. மச்சானுடைய நெல் பின்னால் பழுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மச்சானுக்கு முட்டியில் ஆபரேஷன். வீட்டில் படுத்துவிட்டார். மிஷின் டிரைவர் தானாகவே வந்து இடத்தைப் பார்த்திருக்கிறான். திருப்புவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று என் வரப்பில் ஒரு பக்கத்தை வெட்டி, மிஷினைக் கொஞ்ச தூரம் உள்ளே விட்டும் பார்த்திருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது உளுந்தின் மேல் பெல்ட் தடம் வரிவரியாகக் கிடந்தது.

எனக்கு உளுந்து போனதில்கூட அவ்வளவு கோபமில்லை. கேட்காமல் வந்துவிட்டார்களே என்பதில்தான் தலை சுற்றியது. மறுநாள் காலை என் கம்பெனியில் வார்த்த போஸ்ட் நாலை வண்டியில் ஏற்றிப் போய் அந்த ஓரத்து வழியை மறித்து வரிசையாக நட்டுவிட்டேன். கான்கிரீட் போட்டு நட்டேன். எங்கள் போஸ்ட் யானை முட்டினாலும் சாயாது.

மிஷின் வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. மச்சான் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். முட்டியில் தையலோடு படுத்திருப்பவர் எப்படி வருவார் என்று என் மனைவி கேட்டாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி மறுபடி அடித்தது. அப்புறம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் நோட்டீஸ்.

நான் நேராகக் கடலூருக்கு பஸ் ஏறினேன். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். என் கிரயப் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் படித்தார்.

“உங்க பத்திரத்துல வழின்னு ஒரு எழுத்துகூட இல்லியே. ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கீங்க.”

“அப்படித்தான் எழுதி வாங்கினேன்,” என்றேன். அது என் வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லிக்கொண்ட கதை. அதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கேசுன்னு போனா நாளாவும். அவுரு நெல்லு அதுவரைக்கும் நிக்குமா?”

“நிக்காது. இன்னும் பத்து நாள் போனா கொட்ட ஆரம்பிச்சிடும். மழை வேற சொல்றாங்க.”

“அப்ப நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சமரசத்துக்குப் போங்க, ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. சும்மா இருந்தாலே ஜெயிச்சிடுவீங்க.”

அவர் எனக்கு நல்லதுதான் சொன்னார். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த ஜெயிப்பு எனக்கு இறங்கவில்லை. மில்லில் மூட்டையிலிருந்து சிந்துகிற நெல்லைத் துடைப்பத்தால் கூட்டி, கல் பொறுக்கி, வீட்டுக்கு எடுத்துப் போய் வயிறு வளர்த்தவன் நான். நெல் தரையில் கொட்டித்தான் நான் ஜெயிக்க வேண்டும் என்றால் அது என்ன மாதிரி ஜெயிப்பு என்று தோன்றியது. தோன்றியதே தவிர, போஸ்ட்டைப் பிடுங்கத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சமரச மையம் ஒரு சின்ன அறை. உயரமான மேடையும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு வட்ட மேஜை, சுற்றி நாற்காலிகள். என் கொட்டகையைப் பார்த்துத்தான் அமைத்தார்களோ என்று நினைத்தேன். மச்சான் ஊன்றுகோலோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனார், முட்டி விடவில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பேச்சை நடத்த வந்தது ஒரு வக்கீலம்மா. என் பெண் வயது இருக்கும். கறுப்பு அங்கி போடவில்லை. “நான் தீர்ப்பு சொல்ல வரலை. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டாதான் முடிவு. இங்க பேசறது இந்த ரூமோட சரி, வெளிய போவாது,” என்றார். அப்படியானால் நான் இதை வெளியே சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் மச்சானைப் பேசச் சொன்னார். அவர் இரண்டே வார்த்தை பேசினார். நெல் பழுத்து நிற்கிறது, வழியைத் திறந்தால் போதும் என்றார். அடுத்து என் முறை. நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்றுகொண்டேன்.

“நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது. நான் லாரி ஓட்டுன காலத்துல ரோட்டுல கை நீட்டுன ஒருத்தனுக்கும் மாமூல் குடுத்ததில்ல. மாமூல் கேட்டாங்கன்னு ஒரு தடவை நெல்லு லோடோட ராத்திரி பகல் பாக்காம ரெண்டு நாளு வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுத்துக் கெடந்தேன். அப்படிப்பட்டவன் நெலம் வாங்கப் போறேன். பத்திரம் எழுதறவரு படிச்சிக் காட்டறாரு. நடுவுல ‘மாமூல்’னு வருது! எனக்கு வந்துச்சே கோவம். என் சொந்தக் காசுல நெலம் வாங்கறேன், பத்திரத்துலயே மாமூலா? அந்த வரியே வேணாம், எடுங்கன்னேன். அவரு என்னமோ சொல்ல வந்தாரு. எடுத்தாதான் கையெழுத்துன்னுட்டேன். எடுத்துட்டு வேற பேப்பர்ல எழுதுனாரு. பத்திரத்துலேருந்தே மாமூலை எடுக்க வெச்சவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்!”

இந்தக் கதையை நான் கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், என் பெண்ணைப் பார்க்க வந்த சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறேன். எல்லா இடத்திலும் இந்த இடத்தில் சிரித்துத் தலையாட்டுவார்கள். அந்த அறையில் யாரும் அசையவில்லை. மச்சான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார். “அய்யா, அந்த வரி முழுசா ஞாபகம் இருக்கா?”

“மாமூல் மட்டும்தான் ஞாபகம்.”

அவர் மச்சானுடைய பத்திரத்தை எடுத்து, ஒரு இடத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். நான் எழுத்துக் கூட்டினேன். ‘முன்புறமுள்ள நிலத்தின் கீழோரமாக மாமூல் வழிநடை வண்டித்தடப் பாத்தியம் சகிதம்’ என்று இருந்தது. கூட்டி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

“இது நீங்க நெனைக்கற மாமூல் இல்லைங்க,” என்றார் வக்கீலம்மா. “பத்திரத்துல மாமூல்னா வழக்கம். வழக்கமா போயி வர்ற வழின்னு அர்த்தம். கை நீட்டறவங்க வழக்கமா வாங்கற காசுக்கும் அந்தப் பேரு வந்துடுச்சி. பின்னாடி நெலத்துக்காரருக்கு வழி இருக்குன்னு உங்க பத்திரத்துலயும் எழுத இருந்தாங்க. நீங்க எடுக்க வெச்சிட்டீங்க.”

“எடுத்தாச்சில்ல? அப்ப வழி இல்லன்னுதானே ஆவுது?”

“உங்க வக்கீலு அப்படி வாதாடலாம். ஆனா உங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவருக்கு எழுதிக் குடுத்த பாத்தியத்தை, உங்க பத்திரத்துல ஒரு வரிய எடுத்துட்டா அழிச்சிட முடியுமா? நீங்களே நாலு பேருக்குப் பஞ்சாயத்து பேசறவராம். சொல்லுங்க.”

நான் உட்கார்ந்தேன். வேறொருவன் இந்தக் கதையோடு என் கொட்டகைக்கு வந்திருந்தால் டீ வருவதற்கு முன்னாலேயே அனுப்பியிருப்பேன்.

அப்புறம் மச்சானிடம்தான் கேட்டேன். “ஒங்களுக்கு இது தெரியுமா?”

“என்னாது?”

“மாமூல்னா என்னான்னு.”

“தெரியும் மச்சான். எங்க வூட்ல அந்த வார்த்தை பழக்கம்தான். அரபுலேருந்து வந்ததுன்னு வாப்பா சொல்வாரு.”

“இத்தனை வருஷமா நான் இந்தக் கதையச் சொல்றேன். பக்கத்துல உக்காந்து கேட்டுகிட்டு இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நாலு பேரு சிரிச்சிக்கிட்டு இருக்கற எடத்துல எப்படிச் சொல்றது? நீங்க சந்தோஷமா சொல்லுவீங்க. வுட்டுட்டேன்.”

“அப்ப வருஷா வருஷம் வழி வுடறீங்களான்னு வந்து நின்னது?”

அவர் ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் திருகிக்கொண்டிருந்தார்.

“மொத வருஷம் மரியாதைக்குக் கேட்டேன். நீங்க சத்தமா ‘போங்க’ன்னீங்க. அடுத்த வருஷம் கேக்காம போனா நல்லா இருக்காதேன்னு கேட்டேன். அப்புறம் அதுவே மாமூலாயிடுச்சி. சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். ஒங்க கேட்டுக்கு வெளிய நிக்கறப்ப, தெருவுல யாரும் இருக்கக் கூடாதேன்னு பாத்துட்டுத்தான் வண்டிய நிறுத்துவேன். யாராவது வர்ற வரைக்கும் நீங்க பேச்சை இழுப்பீங்க.”

அது உண்மை. நான் இழுப்பேன். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

வக்கீலம்மா இடையில் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும் என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். நானாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன்.

“மெஷினு தொட்ட உளுந்து?” என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

“அது டிரைவரு பண்ண தப்பு. நான் படுத்துட்டேன், பாத்துக்க முடியல. வரப்பைக் கட்டித் தந்துடறேன். வெதையும் தர்றேன். அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்.”

நான் கவிழ்த்து வைத்த போன் அது.

அதற்குப் பிறகு எழுதுகிற வேலை. கிழக்கு ஓரத்தில், பத்திரம் சொல்கிற கீழோரத்தில், எட்டடி இனி பன்னிரண்டு அடி. நான்தான் பன்னிரண்டு என்று சொன்னேன், அவர் பத்து போதும் என்றார், பத்தில் எந்த மிஷின் நுழையும் என்று அவரிடமே சண்டை போட்டேன். அந்த ஓரத்தில் நான் உளுந்து தெளிக்கக் கூடாது. அறுப்பு முடிந்ததும் வரப்பை அவர் சரிசெய்து தர வேண்டும். வக்கீலம்மா எழுதிப் படித்துக் காட்டினார். ‘வழிப் பாத்தியம்’ என்று மட்டும் இருந்தது.

“மாமூலைக் காணோமே?” என்றேன்.

“அது பழைய எழுத்துங்க. இப்ப தேவையில்ல.”

“நான் எடுக்கச் சொன்ன வார்த்தை. நானே போடச் சொல்றேன். போடுங்க.”

போட்டார். அப்புறம் நான் ஒன்று கேட்டேன். “அவுரு இனிமே என்கிட்ட கேக்க வேணாம். ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவணும். அதுகூட இல்லன்னா எப்படி?”

வக்கீலம்மா மச்சானைப் பார்த்தார். மச்சான், “கேக்கறது வேற, சொல்றது வேற. சொல்லிட்டுப் போறேன்,” என்றார். அதையும் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டோம். அந்த ஒப்பந்தத்தை மக்கள் நீதிமன்றத்தில் வைத்து உத்தரவாக்கிக் கொடுத்தார்கள். இனி யாரும் அப்பீல் போக முடியாதாம். ஒரு வாய்தா கிடையாது, ஒரு சாட்சி கிடையாது. வேலை சுத்தம்.

அன்றைக்கே குமராட்சிக்குப் போனேன். போஸ்ட்டைப் பிடுங்க இரண்டு ஆள் போதும் என்று அழைத்துப் போனேன். வரவில்லை. நாலு பேர் கடப்பாரை போட்டும் அசையவில்லை. கடைசியில் ஜேசிபி கூப்பிட வேண்டியதாயிற்று. என் கம்பெனி சரக்கு அப்படி.

இரண்டாம் நாள் மிஷின் இறங்கியது. ஓரத்துக் கதிர்களில் நெல் கொஞ்சம் கொட்டியிருந்தது, மற்றது வீடு வந்து சேர்ந்தது. டிராக்டரில் ஏற்றுகிறபோது மூட்டையில் கை வைத்துப் பார்த்தேன். நெல் காய்ந்த பதம் சரியாக இருந்தது. மழை அதற்கு மறுநாள்தான் வந்தது.

அடுத்த தையில் நான் தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காற்று வாங்குவதற்கு என்று வீட்டில் சொன்னேன். “தை மாசத்துல என்னா காத்து?” என்றாள் என் மனைவி. டிவிஎஸ் வண்டி எதுவும் வந்து நிற்கவில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

“மச்சான், நாளைக்கு காலைல மெஷினு உள்ள போவுது. கேக்கல. சொல்றேன்.”

தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“போவட்டும் மச்சான்,” என்றேன். “மாமூல்தானே.”